முதல் மீனை எண்ணாத விரல்

1

நான் செய்கிற வேலை மீன் எண்ணுவது. பிடிப்பது அல்ல, விற்பதும் அல்ல. எண்ணிவிட்டு உயிரோடு திருப்பி அனுப்புவது. சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் அண்ணன் தேசிங்குக்கு இதைப் புரியவைக்கப் பல மாதம் ஆனது. முதல் தடவை சொன்னபோது போனில் நடந்த பேச்சு இது:

"மீன புட்சி?"

"எண்ணுவோம்."

"எண்ணி?"

"தண்ணியில வுட்டுடுவோம்."

"இதுக்கு சம்பளம் தரானா? டேய் தணிகா, உண்மைய சொல்லு. வேலையிலதான் கீறியா, ஜெயில்ல கீறியா?"

நான் இருப்பது கலிபோர்னியாவில். வடக்கிலிருந்து ஒரு பெரிய ஆறும் தெற்கிலிருந்து ஒரு பெரிய ஆறும் வந்து சேர்ந்து, கடலுக்குப் போவதற்கு முன் நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிகிற இடம். அந்தக் கழிமுகத்தின் தெற்கு ஓரத்தில் பெரிய பம்புகளை வைத்திருக்கிறார்கள். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள் அல்லவா, அதுபோல இங்கே ஆற்றுத் தண்ணீரை இழுத்துத் தெற்கே இருக்கிற வயல்களுக்கும் நகரங்களுக்கும் அனுப்புகிறார்கள். பம்பு இழுக்கிற வேகத்தில் மீனும் சேர்ந்து வரும். கடலுக்குப் போகக் கிளம்பிய சால்மன் குஞ்சு வழி மாறி பம்பின் வாய்க்கு வந்துவிடும். அதில் ஒரு வகை அழியும் நிலையில் இருப்பதாகச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதனால் பம்புக்கு முன்னால் தட்டிகள் கட்டி, மீனை ஒதுக்கித் தொட்டியில் சேர்த்து, லாரியில் ஏற்றி, பம்பின் இழுப்பு எட்டாத இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் பத்து நிமிடம் வருகிற மீனை மட்டும் தனியே பிடித்து எண்ண வேண்டும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் இரண்டு மணி நேரக் கணக்கு. நான் எண்ணுகிற ஒரு மீன், தாளில் பன்னிரண்டு மீன். சால்மன் குஞ்சின் கணக்கு ஓர் அளவைத் தாண்டினால் பம்பை மெதுவாக்க வேண்டும். மெதுவாக்கினால் தெற்கே தண்ணீர் குறையும்.

போன வெள்ளிக்கிழமை அண்ணனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். ஆனால் அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் போன வருஷம் நான் செய்த தப்பை முதலில் சொல்லியாக வேண்டும்.

2

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், அண்ணன் கடலுக்குப் போனான், நான் கரையில் நின்றேன். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவருக்குக் கிழக்கே படகு கரையேறுகிற இடத்தில் ஏலம் நடக்கும். மீனை வகை பிரித்து எண்ணிக் கொடுப்பது என் வேலை. செங்கல்பட்டிலிருந்து வருகிற வியாபாரிகள் அவசரக்காரர்கள். அவர்களுக்கு எண்ணிக்கை வேகமாகவும் வேண்டும், சரியாகவும் வேண்டும்.

எங்கள் கரையில் எண்ணுகிறவன் ஒன்று என்று தொடங்க மாட்டான். முதல் மீனை எடுக்கும்போது "லாபம்" என்பான். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. நெல் அளக்கிறவர்களும் இப்படித்தான் தொடங்குவார்கள். கணக்கு நல்ல வார்த்தையில் தொடங்கட்டும் என்பதற்காக. கூடை மாறும்போதெல்லாம் மறுபடி "லாபம்". நாலு வருஷம் இதையே சொன்னேன். வேறு எது மறந்தாலும் கை அதை மறக்காது.

அதன் பிறகு ஓர் இடத்தில் நிற்கவில்லை. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதம். கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியே அலுத்துவிட்டது. காசிமேட்டில் விசைப்படகு. மஸ்கட்டில் மீன்பிடிப் படகு. ஒரு கோடைக்காலம் முழுவதும் படகிலேயே தூங்கினேன். சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட். மறுபடி மஸ்கட். அங்கே கையில் தூண்டில் முள் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனபோது முள்ளை எடுத்த நர்ஸ்தான் செல்வி. செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றங்கரை ஊர், விவசாயக் குடும்பம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அவள் கணவனாக நான் வந்தேன். விசாத் தாளில் படிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டதும், உள்ளதை எழுது என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது.

இங்கே மீன் லாரி ஓட்டியது ஆறு வருஷம். எண்ணும் மேசைக்குப் போகக் கல்லூரிப் படிப்பு கேட்டார்கள். போன வருஷம்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். மீன் வகை அடையாளம் காணும் பரீட்சையில் தேறினால் போதும் என்றார்கள். விரல் நீள வெள்ளி மீன்கள், ஒன்றைப் போலவே இன்னொன்று. அதில் ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கக் கல்லூரிக்காரர்கள் பூதக்கண்ணாடி கேட்டார்கள். நான் முகர்ந்து பார்த்தேன். வெள்ளரிக்காய் வாசம் அடித்தது. சரியாகச் சொல்லிவிட்டேன். தேறிய ஐந்து பேரில் பட்டம் இல்லாதவன் நான் ஒருவன்தான். சட்டையில் "எண்ணுநர்" என்று ஆங்கிலத்தில் பெயர்ப் பட்டை குத்தினார்கள். அந்தச் சட்டையைச் செல்வி துவைக்கப் போட்டால் பட்டையைக் கழற்றி நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

3

மேசைக்கு வந்து மூன்றாவது வாரம். குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். என் மகள் வசுவுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். அப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால் "தண்ணீர்த் துறை" என்பாள். மீன் என்ற பேச்சே வராது. காதில் எப்போதும் ஏதாவது செருகியிருக்கும். அன்றைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது செல்வி.

ஒரு தொட்டியைத் திறந்தார்கள். நான் தட்டுகளில் வகை பிரித்தேன். கையில் கிளிக்கர். ஒரு அமுக்குக்கு ஓர் எண் கூடும். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். கரையில் ஏலம் நடப்பது போலவே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சத்தமாகத் தமிழிலேயே எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு. மீன்கள் என் கையிலிருந்து திரும்பத் தண்ணீருக்குள் விழுகிற வேகத்தைப் பார்த்து ஒரு கிழவர் கை தட்டினார்.

வசு காதிலிருந்ததைக் கழற்றியிருந்தாள். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, ஃபர்ஸ்ட் மீனுக்கு நீங்க பிரஸ் பண்ணல."

"பண்ணனே."

"இல்லப்பா. ஏதோ சொல்றீங்க, அப்போ தம்ப் சும்மா இருக்கு. டூல இருந்துதான் பிரஸ் பண்றீங்க."

"அது லாபம். ஒண்ணுக்கு பதிலா சொல்றது."

"அப்போ அது ஒண்ணுதானே? ஏன் பிரஸ் பண்ணல?"

சிரித்துக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தேன். அவள் கண் முன்னால் எண்ணினேன். வாய் பன்னிரண்டு என்று முடித்தது. கிளிக்கரைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்று.

லாபம் என்று சொல்லும்போது என் கட்டைவிரல் அசையவே இல்லை. விரலுக்கு அது எண்ணாகவே படவில்லை. எண் தொடங்கும் வரை அது காத்திருந்திருக்கிறது, முப்பது வருஷமாக. கரையில் அதனால் ஒன்றும் கெடவில்லை, அங்கே கிளிக்கர் கிடையாது, வாய் சொன்னதுதான் கணக்கு. இங்கே வாய் சொன்னதை யாரும் எழுதவில்லை.

மூன்று வாரம். ஒவ்வொரு தட்டிலும் ஒன்று குறைவு. தட்டில் மூன்று நான்கு மீன் மட்டும் இருந்த நாட்களில் கண்ணே எண்ணிவிட்டிருக்கும், அது சரி. அதற்கு மேல் வந்த எல்லாத் தட்டிலும் ஒன்று போயிருக்கிறது. தாளில் அது பன்னிரண்டு குறைவு. வாரம் ஒருமுறை மேற்பார்வையாளர் லிண்டா மறுபடி எண்ணிச் சரிபார்ப்பாள். ஒன்று வித்தியாசம் வந்தால் கைத்தவறு என்று விட்டுவிடுவார்கள்.

4

அன்று மாலை சமையலறையில் செல்வி கேட்டாள்.

"இனிமே சரியா அமுக்கு. முடிஞ்சுது. இதுல இன்னா கீது?"

"பழைய கணக்கு தப்பா கீதே."

"எவ்ளோ தப்பு?"

"அந்த சால்மன் குஞ்சு கணக்கு அளவுக்குக் கிட்ட வந்துகினு இருந்துது. நான் வுட்டத சேத்தா தாண்டிடும்னு நெனைக்கிறேன்."

"தாண்டுனா?"

"பம்ப கொறைப்பாங்க. தெக்க தண்ணி போவாது."

அவள் அடுப்பை அணைத்தாள். எங்கள் வீட்டில் நான் மீன் கட்சி, அவள் தண்ணீர் கட்சி. விளையாட்டுக்குச் சொல்வதல்ல. அவள் கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் கிணறு வற்றியது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்ட குடும்பம். தண்ணீர் நின்றால் வீட்டில் முதலில் எது விற்கப்படும், அப்புறம் எது விற்கப்படும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும்.

"உனுக்கு வேலை போயிடுமா?"

"போவலாம். எட்டாங்கிளாஸ் படிச்சவன மேசையில ஒக்கார வெச்சதே பெருசு. எப்ப தப்பு பண்ணுவான்னு பாத்துகினு இருந்தவங்க எல்லாம் இதத்தான் சொல்லுவாங்க."

"லாரி?"

"அதுவும் போவலாம்."

கழுவிய பாத்திரத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்க ஊர்ல நாலு வூட்டுக்கு ஒரு கெணறு. எங்கப்பாதான் காலையில கயிறு வுட்டு எவ்ளோ கீதுன்னு பாப்பாரு. அத வெச்சுதான் யாருக்கு எவ்ளோ நேரம் மோட்டாருன்னு பிரிப்பாங்க. ஒரு நாளு எங்க பயிரு காஞ்சு போச்சு. ஒரு முழம் கூட்டி சொல்லுன்னு எங்கம்மா அழுதாங்க. அவரு சொல்லல." பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தண்ணிக்காரங்களுக்கும் கணக்கு சரியா வோணும். போயி சொல்லிடு."

5

திங்கட்கிழமை காலை லிண்டாவின் அறைக்குப் போனேன். அவள் நல்லவள், ஆனால் எதையும் படிவத்தில் எழுதாமல் காது கொடுத்துக் கேட்க மாட்டாள். தவறுக்கான காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள். கருவிக் கோளாறு, களைப்பு, பயிற்சிக் குறைவு, பிற. நான் பிற என்பதில் குறி போட்டு, கீழே என் ஆங்கிலத்தில் எழுதினேன்: எங்கள் ஊரில் முதலாவது எண் அல்ல.

மூன்று தடவை படித்தாள். "முதலாவது எண் இல்லையென்றால் வேறு என்ன?"

எழுந்து நின்று செய்து காட்டினேன். அவள் மேசையில் இருந்த பேனாக்களை எண்ணினேன். ஏழு பேனா, கிளிக்கரில் ஆறு. அவள் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது, உடனே போய்விட்டது. "எத்தனை நாளாக?" என்றாள்.

"மேசைக்கு வந்த நாளிலிருந்து."

அன்று மதியமே பெயர்ப் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு லாரிக்குப் போனேன். பிறகு விசாரணை. இரண்டு அலுவலகங்களிலிருந்து வந்தார்கள். மீனைப் பார்க்கிற அலுவலகம் ஒன்று, தண்ணீரைப் பார்க்கிற அலுவலகம் ஒன்று. மீன்காரர் என்னிடம், இது மதச் சடங்கா என்று கேட்டார். மதச் சடங்கு என்றால் கேள்விகளை வேறு மாதிரி கேட்க வேண்டுமாம். இல்லை, வியாபாரம் என்றேன். தண்ணீர்க்காரர், யாராவது உன்னைக் குறைத்து எண்ணச் சொன்னார்களா என்று கேட்டார். என் மகள்தான் கூட்டிச் சொல்லச் சொன்னாள் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன். தமிழில்தான் போடுவேன், பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான்.

6

பழைய கணக்கைத் திருத்தினார்கள். அளவு தாண்டியிருந்தது. பம்பை மெதுவாக்கினார்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பஞ்சாபிக்காரர் இருக்கிறார். தெற்கே பாதாம் தோட்டம். ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் ஒரு பை பாதாம் கொண்டுவந்து தருவார். செய்தியில் என் பெயர் வரவில்லை. ஆனால் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்வதற்கு முன் நானே போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்து வாசலில் நின்றார். எனக்குத் தெரிந்த இந்தியிலும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டோம்.

"நீ ஒன்று அதிகமாக எண்ணியிருந்தால்? அப்போதும் போய்ச் சொல்லியிருப்பாயா?"

"சொல்லியிருப்பேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த வருஷம் பாதாம் வரவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் மரங்கள் தாகத்தில் நின்றன. என்னைப் பார்த்ததும் அவருக்கு அது நினைவு வரத்தானே செய்யும்.

லாரியில் மீனோடு போகும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இங்கே மீன் பக்கம் நிற்கிறவர்களும் தண்ணீர் பக்கம் நிற்கிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறார்கள், சாலையோரம் பலகை எழுதிவைக்கிறார்கள், ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வைத்துத்தான் சண்டை போடுகிறது. அந்த எண் என் கட்டைவிரலிலிருந்து போகிறது. சதுரங்கப்பட்டினத்துக் கரையில் நின்றவனுடைய விரல். அது பொய் சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது.

7

லாரிக்குத் திரும்பிய ஆறாவது வாரம் லிண்டா கூப்பிட்டாள். அந்த இரண்டு அலுவலகக்காரர்களும் இருந்தார்கள். பத்துத் தட்டு மீன், அவர்கள் முன்னாலேயே எண்ணிவைத்தது. எண்ணு என்றார்கள்.

"மனதுக்குள்ளே எண்ணு. வாயால் சொல்லாதே" என்றாள் லிண்டா.

முயன்றேன். இரண்டு தட்டில் தடுமாறினேன். வாயை மூடினால் எனக்குக் கை ஓடாது. அதைச் சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு லிண்டா சொன்னாள்: "என்ன வேண்டுமானாலும் சொல். முதலில் அமுக்கு, அப்புறம் சொல்."

அமுக்கினேன். லாபம் என்றேன். அமுக்கினேன். ரெண்டு என்றேன். மீதி எட்டுத் தட்டும் சரியாக வந்தன. தடுமாறிய இரண்டையும் திரும்ப எண்ணச் சொன்னார்கள். அவையும் சரி.

பட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்குப் புதிதாக எண்ண வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சித் தாளில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: எந்த மொழியில் எண்ணினாலும், எந்த வார்த்தையில் தொடங்கினாலும், முதல் மீனுக்கும் பொத்தானை அமுக்கவும். அந்த வரி வந்தது என்னால். அச்சடித்த தாளில் என் பங்காக ஒரு வரி. எட்டாவது தேறாதவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்த வார இறுதியில் வசு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள். உள்ளே புதுக் கிளிக்கர். "வீட்ல பிராக்டிஸ் பண்ணுங்க" என்றாள். அவள் நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் திரும்பி, அப்பா ஆற்றில் மீன் எண்ணுகிறார், அவர் எண்ணாமல் பம்பு ஓடாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பாதி உண்மைதான். நான் திருத்தவில்லை.

8

இதையெல்லாம் அண்ணனுக்குச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு மாலை, அவனுக்கு விடிகாலை, படகைத் தள்ளுவதற்கு முன்னால்.

"ஒரு மீனுக்காக மோட்டார நிறுத்துனானுங்களா? சரியான பேஜாருடா அது."

"எண்ணாம எப்பிடி தெரியும் அண்ணாத்த, கொறையுதா கூடுதான்னு?"

சிரிப்பு நின்றது. "நம்ம ஊர்ல எவன் எண்றான்?" என்றான்.

பாலாற்றில் தடுப்பணை வந்த பிறகு செல்வியின் தம்பி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இரண்டு போகம் வைக்கிறான். என் அண்ணனோ, முகத்துவாரத்துக்கு ஆறு வருவதே இல்லை, மழைக்கு நாலு நாள் வாய் திறந்து மூடிக்கொள்கிறது, மீன் ஏறவில்லை என்கிறான். எங்கள் உறவுக் கல்யாணம் ஒன்றில் இரண்டு பேரும் பந்தியில் எதிரெதிராக உட்கார்ந்து இதற்காகக் கத்தினார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. செல்வியின் தம்பியிடம் கிணற்றுக் கயிறு இருக்கிறது, அளந்து சொல்கிறான். அண்ணனிடம் என்ன இருக்கிறது? வாய் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். வசு எதிரே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணனின் குரல்செய்தி வந்தது. போட்டேன். பின்னால் படகு இன்ஜின் சத்தம்.

"டேய் தணிகா. மழைத் தண்ணி வந்துகினு கீது, ஆறு வாய தொறந்துகிச்சு. முகத்துவாரத்தாண்ட வல போட்டோம். வேளா ஒண்ணு மாட்டிகிச்சுடா. குட்டி. என் கை நீளம் இருக்கும். மூக்கு பூரா வலையில சுத்திகினு கீது. கொம்ப ஒடச்சு எடுத்துடலாம்னு கூட இருந்தவன் சொன்னான். நான் வலைய அறுத்து வுட்டேன். புது வல. உங்க அண்ணி இன்னிக்கு சோறு போடுவாளான்னு தெரியல."

வேளா என்பது ரம்பம் போல மூக்கு நீண்ட மீன். அந்த மூக்கைத்தான் கொம்பு என்போம். எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே அதன் கொம்பு ஒன்றை அறைந்து வைத்திருப்பார்கள். அப்பா காலத்தில் பிடித்தது. நான் ஊரை விட்ட பிறகு அதை உயிரோடு பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணன் கடலுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவன் வலையில் அது விழுந்ததே இல்லை.

செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்ஜின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, கரையில் கூடையைத் திறக்கும்போது சொல்கிற அதே குரலில், சத்தமாகச் சொன்னான்.

"எண்ணிக்கோ. லாபம்."

அவ்வளவுதான் செய்தி. நான் கையை நீட்டுவதற்குள், மேசை மேல் இருந்த கிளிக்கரை வசு எடுத்து அமுக்கிவிட்டாள். ஒன்று காட்டியது.

அதை இன்னும் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை. ஜன்னல் ஓரத்தில் அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்தது வந்தால், ரெண்டு.